பழனி மலை என்றால் எந்த மலை? கம்ப்யூட்டருக்கும் தெரியும்படி எழுதுவோம்

பழனி மலை என்றதும் தமிழ்நாட்டில் பெரும்பாலானோருக்கு முருகன் கோயில் இருக்கும் குன்றுதான் நினைவுக்கு வரும். படியேறிப் போகலாம், வின்ச்சில் போகலாம், ரோப் காரிலும் போகலாம். கொடைக்கானல் பக்கம் இருக்கிற எங்களுக்கோ பழனி மலை என்பது ஒரு மலைத்தொடர். கொடைக்கானல், பூம்பாறை, மன்னவனூர், தாண்டிக்குடி எல்லாம் அதன் மேல்தான் இருக்கின்றன. இது போதாதென்று பூம்பாறையிலும் முருகன் இருக்கிறார். குழந்தை வேலப்பர் என்று பெயர். பழனி மூலவரைப் போலவே இந்தச் சிலையையும் போகர்தான் செய்தார் என்று சொல்வார்கள். ஆக, பூம்பாறைக்காரர் ஒருவர் தன் வெப்சைட்டில் "பழனி மலை முருகன் கோயிலுக்குப் பக்கத்தில் தங்குமிடம்" என்று எழுதினால் அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அப்படி எழுதிய ஒரு ஹோம்ஸ்டேயை நம்பி, குழந்தைக்கு மொட்டை போட வந்த குடும்பம் ஒன்று பழனி அடிவாரத்தில் நின்றுகொண்டு வழி கேட்டுப் போன் செய்தது. அங்கிருந்து கொடைக்கானல் வழியாகப் பூம்பாறைக்கு 80 கிலோமீட்டருக்கு மேல், பெரும்பகுதி மலைப்பாதை. கைக்குழந்தையோடு எப்படி வருவார்கள்? வீட்டுக்கார அக்கா முன்பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். "அவங்க மேல என்ன தப்பு தம்பி? போன்ல பழனி மலைன்னு தேடியிருக்காங்க, அது எங்க வீட்டைக் காட்டியிருக்கு" என்றார் என்னிடம்.

மலையில் இருக்கும் சிறு தொழில்காரர்களுக்கும் விவசாயக் குழுக்களுக்கும் வெப்சைட் செய்து, அதிலுள்ள தகவல்களை ஒழுங்குபடுத்தித் தருவது என் தொழில். இதே குழப்பம் வேறு வேறு உருவத்தில் அடிக்கடி என்னிடம் வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாம் படிக்கும்போது எழுத்தைத் தாண்டிச் சட்டென்று பொருளுக்குப் போய்விடுகிறோம். கம்ப்யூட்டருக்குப் பழனி என்பது மூன்று எழுத்து. அது ஊரா, மலையா, பழனிச்சாமியைச் சுருக்கிக் கூப்பிடுகிற பெயரா என்பது அந்த எழுத்துக்குள் இல்லை. தேடுபொறி அக்கம்பக்கத்துச் சொற்களையும், லட்சக்கணக்கான பக்கங்களில் எந்தச் சொல்லோடு எது சேர்ந்து வருகிறது என்ற கணக்கையும் வைத்து ஊகம் செய்கிறது. பெரிய ஊர்களுக்கு இந்த ஊகம் நன்றாகவே வேலை செய்யும். பூம்பாறை மாதிரி சின்ன ஊர் ஒரு பெரிய பெயரின் நிழலில் மறைந்துவிடும். இப்போது ஏஐ சாட்பாட்டிடம் பயணத் திட்டம் கேட்கிறார்கள். அதுவும் தான் படித்த எழுத்திலிருந்துதான் பதிலைக் கோக்கிறது. நாம் எழுதியது குழப்பமாக இருந்தால் வருகிற பதிலும் குழப்பமாகத்தான் இருக்கும்.

இதைச் சரிசெய்ய வேண்டும் என்ற எண்ணம் புதிதல்ல. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ இன்னும் இருவரோடு சேர்ந்து 2001இல் செமான்டிக் வெப், அதாவது எழுத்தின் பொருளைக் கம்ப்யூட்டரும் எடுத்துக்கொள்ளக்கூடிய வலை, பற்றி விரிவாக எழுதினார். அதற்கு முன்பே, 1999இல், வலைக்கான தர நிர்ணயங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு ஆர்டிஎஃப் என்ற முறையைப் பரிந்துரைத்திருந்தது. அதன் அடிப்படை மிக எளிது. எந்தத் தகவலையும் மூன்று துண்டாகச் சொல்ல வேண்டும்: ஒரு பொருள், ஓர் உறவு, இன்னொரு பொருள். பூம்பாறை, அமைந்திருப்பது, கொடைக்கானல் வட்டம். கொடைக்கானல் வட்டம், அமைந்திருப்பது, திண்டுக்கல் மாவட்டம். ஒவ்வொரு துண்டுக்கும் வலையில் தனி முகவரி உண்டு. முகவரி வேறாக இருப்பதால், பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் இரண்டையும் ஒன்று என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளாது.

இந்த உறவுகளை எல்லோரும் ஒரே மாதிரி எழுத ஆன்டாலஜி என்று ஒன்று வேண்டும். அது என்ன? ஒரு துறையில் என்னென்ன வகைப் பொருள்கள் உண்டு, அவற்றுக்குள் என்னென்ன உறவு வரலாம், எது எதுவாக இருக்கவே முடியாது என்று சம்பந்தப்பட்டவர்கள் பேசி முடிவு செய்து எழுதி வைக்கிற உடன்படிக்கை. நம் வீட்டு உறவுமுறை மாதிரிதான். ஒருவர் எனக்குத் தாய்மாமா என்றால், அவர் அம்மாவின் உடன்பிறந்தவர், அம்மா வழித் தாத்தாவின் மகன் என்பதை யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. விதி தெரிந்திருப்பதால் மீதி தானாகப் புரிகிறது. "அமைந்திருப்பது" என்ற உறவு மேலே மேலே தொடரும் என்று ஒருமுறை எழுதிவிட்டால், பூம்பாறை திண்டுக்கல் மாவட்டத்தில் இருப்பதைக் கம்ப்யூட்டர் தானே கண்டுபிடிக்கும். பழனியும் அதே மாவட்டம்தான். ஆனால் வட்டம் வேறு. பிரித்துக் காட்டுவது அந்த வட்டம்தான். இப்படிப்பட்ட விதிகளை எழுதுவதற்கான ஆவுல் என்ற மொழி 2004இல் டபிள்யூ3சி பரிந்துரையாக வந்தது.

அந்த அக்காவின் வீட்டுக்கு இதைச் செய்து பார்த்தோம். கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ மூன்றும் சேர்ந்து 2011இல் தொடங்கிய ஸ்கீமா.ஆர்க் என்ற பொதுச் சொல்தொகுப்பு இருக்கிறது. சாதாரண வெப்சைட்டுக்கு அது போதும். தங்குமிடங்களுக்கு அதில் ஹோட்டல், ஹாஸ்டல், ரிசார்ட், பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் என்று வகைகள் உண்டு. ஹோம்ஸ்டே என்று தனியாக ஒன்று இல்லை. குடும்பம் அதே வீட்டில் இருந்து சமைத்துப் போடுவதால் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்டைத் தேர்ந்தெடுத்தோம். ரிசார்ட் என்று போட்டால் கௌரவமாக இருக்குமே என்று அவர் மகன் ஆசைப்பட்டான். நீச்சல் குளம் எங்கே என்று போன் வரும் என்று சொன்னதும் புரிந்துகொண்டான்.

நேரம் எடுத்தது "பக்கத்தில்" (அருகில்) என்ற சொல்தான். பூம்பாறையிலிருந்து பழனிக்கு வரைபடத்தில் நேர்க்கோடு போட்டால் வருகிற தூரம், சாலை வழித் தூரத்தில் பாதிகூட இல்லை. புக்கிங் தளங்கள் பல இந்த நேர்க்கோட்டை வைத்துத்தான் "அருகிலுள்ள தங்குமிடங்கள்" என்று பட்டியல் போடுகின்றன. சமவெளியில் அது பெரிதாக உதைக்காது. மலையில் அது வெறும் பொய். "கிலோமீட்டர் யாருக்கு வேணும் தம்பி, பஸ்ல எவ்வளவு நேரம்னு போடுங்க" என்றார் அக்கா. ஆன்டாலஜி வேலையின் சாரமே அந்த வாக்கியத்தில் இருக்கிறது. பக்கம் என்ற உறவை எதை வைத்து அளப்பது என்று முடிவு செய்ய அந்த ஊரில் வாழ்கிறவருக்குத்தான் தெரியும். சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிறவருக்கு அது எட்டாது.

அப்புறம் வெந்நீர். மலைக்கு வருகிற எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி அது. அக்காவின் பழைய பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விறகு அடுப்பில் எப்போதும் அண்டா நிறைய வெந்நீர் கொதித்துக்கொண்டிருக்கும் வீட்டில் அதை எதற்கு எழுதுவது என்று விட்டிருக்கிறார். ஆர்டிஎஃப், ஆவுல் உலகில் ஒரு நல்ல விதி உண்டு: சொல்லாத ஒன்றை இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, தெரியவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். ஆனால் நாம் டிக் அடிக்கிற தேடல் வடிகட்டிகள் இந்த மரியாதையைக் காட்டுவதில்லை. காலியாக இருந்தால் தூக்கி எறிந்துவிடும். அதனால் உங்களிடம் இருப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். இல்லாததையும் இல்லை என்றே எழுதுங்கள்.

விவசாயக் குழுக்களிடம் இது இன்னும் முக்கியமாகிறது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூம்பாறையில் விளைகிற பூண்டு பெரியகுளம் பக்கம் வடுகபட்டி சந்தைக்குப் போகிறது. வத்தலக்குண்டில் இருக்கிற ஒருவர் வாங்கி ஆன்லைனில் விற்கலாம். ஒரே பக்கத்தில் மூன்று ஊர்ப் பெயர். விளைந்த இடம் எது, விற்ற சந்தை எது, பார்சல் கிளம்பும் இடம் எது என்பது வாக்கியத்தைப் படிக்கிற நமக்குத் தெரியும். உறவைப் பிரித்துச் சொல்லாவிட்டால் கம்ப்யூட்டருக்கு மூன்றும் ஒன்றுதான். எங்கோ விளைந்த பூண்டுக்கும் கொடைக்கானல் பெயரைச் சூட்டி விற்கிறவர்கள் ஒளிந்துகொள்வது இந்த இடைவெளியில்தான். குறியீடு பெற்ற பொருளை உண்மையாக விளைவிக்கிறவர்கள், விளைந்த இடத்தைத் தனித் தகவலாகக் கொடுக்காமல் விடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இந்த உறவுகள் சேரச் சேர என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. அதில் சேர்கிற விருப்பாட்சி மலைவாழைக்கும் தனியாக உண்டு. அந்த வாழை விளைவது இதே பழனி மலைத்தொடரில். இந்த மூன்று செய்தியும் மூன்று தனித்தனி இடங்களில் முறையாகப் பதிவாகியிருந்தால் போதும். "புவிசார் குறியீடு பெற்ற எந்தப் பொருளில், குறியீடு பெற்ற இன்னொரு பொருள் சேர்கிறது?" என்று கேட்டால் கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுத்துவிடும். அந்த விடையை யாரும் எந்தப் பக்கத்திலும் எழுதி வைத்திருக்கத் தேவையில்லை. இப்படிக் கேட்பதற்கென்றே ஸ்பார்க்கிள் என்ற கேள்வி மொழி இருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். இரண்டு முகவரிகள் ஒரே பொருளைக் குறிக்கின்றன என்று சொல்ல ஓர் உறவு உண்டு. ஆர்வக் கோளாறில் அதை அள்ளித் தெளிக்காதீர்கள். பழனி மலைத்தொடரும் பழனிக் குன்றும் ஒன்று என்று யாரோ ஒருவர் இணைத்துவிட்டால், குன்றைப் பற்றிய அத்தனை செய்தியும் மலைத்தொடருக்கு வந்து ஒட்டிக்கொள்ளும். தவறு ஒரு பக்கத்தோடு நிற்காது, அந்தத் தகவலை எடுத்துப் பயன்படுத்துகிற எல்லாவற்றுக்கும் பரவும். யாரும் திருத்தக்கூடிய பொதுத் தகவல் களஞ்சியமான விக்கிடேட்டா 2012இல் தொடங்கியது. அதில் இதற்கு மாற்றாக "இதிலிருந்து வேறுபட்டது" என்றே ஓர் உறவு வைத்திருக்கிறார்கள். குழப்பம் வரக்கூடிய பெயர்களுக்கு அது அருமையான மருந்து.

தேதியையும் கவனியுங்கள். குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, கணக்குப்படி அடுத்தது 2030. "இந்த வருடம் குறிஞ்சி பூத்துக் குலுங்குகிறது" என்று தேதி போடாமல் எழுதிய பக்கத்தைப் படித்துவிட்டு, பூ எங்கே என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. வருடத்தை எண்ணில் எழுதுங்கள். கம்ப்யூட்டர் படிப்பதற்காகப் பக்கத்துக்குள் எழுதி வைக்கிற உள் தகவலில் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் கொடுங்கள். 05/06 என்று போட்டால் மே மாதமா ஜூன் மாதமா என்று மனிதருக்கே தெரியாது.

அறிவிப்புகளைப் படமாகப் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்வதுதான் எங்கள் பக்கம் மிகப் பரவலான கெட்ட பழக்கம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வருகிற சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும் என்று ஆனது. அதைப் பல விடுதிகள் வாட்ஸ்அப்பில் வந்த போஸ்டராகவே பக்கத்தில் ஒட்டிவைத்தன. திரை வாசிப்பான் வைத்திருக்கும் பார்வையற்றவருக்கு அது வெற்றிடம். தேடுபொறிக்கும் அதில் பாதிக்கு மேல் ஊகம்தான். படம் இருக்கட்டும், அதற்குக் கீழே அதே செய்தியை எழுத்தாக இரண்டு வரி எழுதுங்கள். ஆன்டாலஜி வரை போக முடியாவிட்டாலும் இதையாவது செய்யலாம்.

இந்த உள் தகவலுக்கு ஸ்ட்ரக்சர்ட் டேட்டா என்று பெயர், அதை எழுதுகிற ஒரு முறை ஜேசன்-எல்டி. வெப்சைட் செய்கிறவரிடம் அந்த முறையில் அதைச் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். சின்னப் பக்கத்துக்கு அது பெரிய வேலை அல்ல. சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஸ்கீமா.ஆர்க் தளத்திலேயே இலவசச் சோதனைக் கருவி உண்டு. பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத எதையும் உள் தகவலில் சேர்க்க விடாதீர்கள். உள்ளே ஐந்து நட்சத்திரம், வெளியே ஒன்றுமில்லை என்றால் கூகுள் அதை ஏமாற்றாகக் கருதி நடவடிக்கை எடுக்கும். இதைச் செய்தால் தேடலில் முதலிடம் நிச்சயம் என்று யாராவது பணம் கேட்டால் நம்பவும் வேண்டாம். அப்படி எந்த உத்தரவாதமும் கிடையாது.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு குறை பாக்கி இருக்கிறது. இங்கே யாரும் பழனி மலைத்தொடர் என்று பேசுவதில்லை. மேல்மலை, கீழ்மலை என்றுதான் பேசுகிறோம். பூம்பாறை, மன்னவனூர், பூண்டி மேல்மலை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு கீழ்மலை. பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் மேலே, காபியும் மிளகும் மலைவாழையும் கீழே. கிளம்பும் பஸ், மழை வருகிற விதம், பனி விழுகிற காலம் எல்லாம் இந்தப் பிரிவோடு சேர்ந்தே மாறுகின்றன. வருவாய்த்துறைக் கணக்கில் இவை வட்டமும் அல்ல, ஒன்றியமும் அல்ல. அதனால் வெளியிலிருந்து யாரும் இவற்றுக்குத் தகவல் கட்டமைப்பில் இடம் கொடுக்கப்போவதில்லை. எந்த ஊர் எதில் சேரும் என்பது ஆசிரியருக்கும், கூட்டுறவுச் சங்கக் கணக்கருக்கும், மேல்மலை பஸ்ஸில் ஓடுகிற கண்டக்டருக்கும் மனப்பாடம். அவர்கள் சொன்னால்தான் எழுத முடியும்.

விக்கிடேட்டாவில் தமிழிலேயே எழுதலாம், கணக்கு தொடங்கக் காசு இல்லை. முதலில் உங்கள் ஊருக்கு ஏற்கெனவே பதிவு இருக்கிறதா என்று தமிழிலும் ஆங்கிலத்திலும், நாலைந்து எழுத்துக்கூட்டிலும் தேடிப் பாருங்கள். இருந்தால் புதிதாக இன்னொன்று தொடங்க வேண்டாம். அதிலேயே சரியான தமிழ்ப் பெயர், புழக்கத்தில் இருக்கிற வேறு பெயர்கள், வட்டம் ஆகியவற்றைச் சேர்த்துவிடுங்கள்.