பங்காளி வரிசையில் நிற்காதவர்களின் துக்கம்

சென்ற நவம்பரில் ஒரு காலை, கல்லூரி நாடக நண்பன் ஒருவனை வழியனுப்ப, தில்லி லோதி சாலை மயானத்தில் நாங்கள் ஆறு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றுகொண்டிருந்தோம். காரியம் செய்துவைக்க வந்த பெரியவர், "பங்காளிங்க முன்னால வாங்க" என்றார். பிறகு மாமன் மச்சான்களை அழைத்தார். வரிசை முடிந்ததும், "வேற யாராவது வாய்க்கரிசி போடணுமா?" என்று பொதுவாகக் கேட்டார். எங்களில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஒரு பஞ்சாபி, ஒரு வங்காளி, மூன்று உத்தரப் பிரதேசத்துக்காரர்கள் என மற்ற ஐவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "நாங்களும் போடுகிறோம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாங்கள் அவனுக்கு என்ன உறவு என்று யாரேனும் கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சம்தான் காரணம். பெரியவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்.

உளவியல் ஆலோசகராக இந்த ஊரில் 25 ஆண்டுகளாகத் துக்கத்தில் இருப்பவர்களோடு பேசிவருபவள் நான். "உங்கள் துக்கத்துக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்" என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்டவளே அன்று வாயடைத்து நின்றதால்தான், இறந்துபோன நண்பருக்காகத் துக்கப்படுவதைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது.

தமிழர் வீட்டுச் சாவில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு. கொள்ளி வைக்க மகன், நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகள், கோடி போடச் சம்பந்தி வீட்டார் என்று எல்லாம் வகுக்கப்பட்டிருக்கின்றன. இது வெறும் சடங்கு என்று நினைத்த காலம் எனக்கும் உண்டு. இப்போது அப்படி நினைப்பதில்லை. மனம் ஒன்றும் புரியாமல் மரத்துப்போயிருக்கும் நேரத்தில் கையில் ஒரு வேலை இருப்பது மனிதரைத் தாங்கிப் பிடிக்கிறது. நண்பருக்கு அந்தப் பட்டியலில் வேலை கிடையாது. ஃப்ரீசர் பெட்டிக்குச் சொல்வது, ஆம்புலன்ஸ்காரரிடம் பேரம் பேசுவது, வந்தவர்களுக்குத் தேநீர் வாங்கிவருவது ஆகியவை அவர் தலையில் விழும். அவற்றையும் முடித்துவிட்டு, வழக்கப்படி யாரிடமும் "போய்ட்டு வரேன்" என்று சொல்லாமல் கிளம்பிவிடுவார். மறுநாள் காலை அலுவலகம்.

மயூர் விஹாரில் இருந்து என்னிடம் வந்த ஒருவரைச் சொல்ல வேண்டும் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). கல்லூரி விடுதியில் மூன்று ஆண்டுகள் ஒரே அறையில் இருந்த நண்பர் திடீரென்று இறந்துவிட்டார். அலுவலக விதிப்படி துக்க விடுப்பு குடும்பத்தாருக்கு மட்டுமே என்பதால், சித்தப்பா மகன் இறந்துவிட்டதாகச் சொல்லி இரண்டு நாள் வாங்கியிருக்கிறார். திரும்பி வந்ததும் உடன் பணிபுரிபவர்கள் சித்தப்பா எப்படி இருக்கிறார், அவருக்கு வேறு பிள்ளைகள் உண்டா என்று அக்கறையாக விசாரித்திருக்கிறார்கள். இவரும் பொய்க்கு மேல் பொய்யாக அடுக்க வேண்டியதாயிற்று. "செத்தவனுக்கு வேற பேர் வச்சு அழுதேன் மேடம்" என்றார். அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் டோக்கா 1980களில் இத்தகைய துக்கத்துக்கு ஒரு பெயர் கொடுத்தார்; தமிழில் 'அங்கீகாரம் மறுக்கப்பட்ட துக்கம்' எனலாம். இழப்பு உண்மையானது, ஆனால் அந்த இழப்புக்காக வெளிப்படையாக அழும் உரிமையைச் சுற்றியிருப்பவர்கள் தருவதில்லை. ஆறுதல் கிடைக்காததோடு, "நமக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது, நாம் மிகைப்படுத்துகிறோமோ" என்ற வெட்கமும் சேர்ந்துகொள்கிறது.

வலி ஏன் அவ்வளவு என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. மனித நினைவைப் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவரும் ஒரு செய்தி, நடுவயதைக் கடந்தவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால் பதின்ம வயது முதல் 20களின் இறுதி வரையிலான காலத்திலிருந்தே மிகுதியாகச் சொல்கிறார்கள் என்பது. அந்த வயதில் நாம் எப்படி இருந்தோம் என்பதற்குச் சாட்சி பெற்றோர் அல்லர். கணவனோ மனைவியோ அப்போது அறிமுகமே ஆகியிருக்க மாட்டார். நண்பர்தான் சாட்சி.

நாடகத்தில் சேர்ந்து நின்றவர்களுக்கு இதற்கு மேலும் ஒன்று உண்டு. நாங்கள் 1990 முதல் 1993 வரை தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் தெரு நாடகம் போட்டவர்கள். மதியம் மூன்று மணிக்குப் புல்தரையில் வட்டமாக நின்று, டஃப்லி என்ற கைப்பறையின் அடிக்கு ஒரே மூச்சில் "ஆவோ ஆவோ, நாடக் தேக்கோ" (வாங்க வாங்க, நாடகம் பாருங்க) என்று தொண்டை கிழியக் கத்திப் பழகுவோம். கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் பின்புறமாகச் சாய, மற்றவர்கள் தாங்கிப் பிடிக்கும் பயிற்சியும் இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டு படகோட்டிகளிடம் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே உழைப்பைத் தனியாகச் செய்தபோது இருந்ததைவிட, குழுவாக ஒரே தாளத்தில் செய்தபின் அவர்களுடைய உடல் கூடுதல் வலியைத் தாங்கியது. சேர்ந்து அசைவதும் சேர்ந்து குரலெழுப்புவதும் மனிதர்களைப் பிணைக்கின்றன என்பதற்கு இப்படிப்பட்ட சான்றுகள் உண்டு. எங்களுக்கு அதற்கு ஆய்வு தேவைப்படவில்லை. அவனுடைய அம்மா ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸிலிருந்து கொடுத்தனுப்பும் மிளகு ரசத்தை ஃப்ளாஸ்க் மூடியில் ஊற்றி, குரல் கட்டிய எட்டுப் பேரும் முறைவைத்துக் குடிப்போம். குழுவில் தமிழர்கள் நானும் அவனும் மட்டுமே. இந்தி வசனத்துக்கு நடுவில், பார்வையாளர்களில் யார் தூங்குகிறார்கள் என்று உதடு அசையாமல் தமிழில் சொல்லி என்னைச் சிரிக்க வைப்பது அவனுக்குப் பிடித்த குறும்பு.

அவன் காலை நடையின்போது விழுந்தவன் எழவில்லை. வயது 53. நோயில் கிடந்து போகிறவரின் குடும்பத்துக்கு ஓரளவேனும் மனத்தைத் தயார்செய்துகொள்ளும் அவகாசம் இருக்கும். திடீர் மரணம் அதைத் தருவதில்லை. ஆகவே முதல் சில வாரங்களில் நம்ப முடியாமல் இருப்பதும், மெட்ரோ கூட்டத்தில் இறந்தவரின் நடையைப் போலவே ஒரு நடையைக் கண்டு பின்தொடர்வதும், அவர் குரல் காதில் விழுவதும் இயல்பானவை. தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்ற பயத்துடன் இதைச் சொல்பவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். பயப்பட வேண்டாம்.

உடம்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் பயப்படலாம். மாரடைப்பு வந்த கிட்டத்தட்ட 2000 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், நெருக்கமான ஒருவர் இறந்த செய்தி கிடைத்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்புக்கான வாய்ப்பு வழக்கத்தைவிட ஏறத்தாழ 21 மடங்கு உயர்ந்திருந்தது. ஆரோக்கியமாக இருக்கும் ஒருவருக்கு அடிப்படை வாய்ப்பே மிகக் குறைவு என்பதால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயநோய் உள்ளவர்கள் துக்க வீட்டு அலைச்சலில் மாத்திரையை விட்டுவிடுவதையும், பட்டினி கிடப்பதையும், இரவெல்லாம் விழித்திருப்பதையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நெஞ்சுவலி வந்தால் "அழுததால் வந்தது" என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய் ஈசிஜி எடுங்கள். என் நண்பனின் மேசை இழுப்பறையில் பாதி தீர்ந்த அமில மாத்திரை அட்டைகள் நான்கு இருந்ததாக அவன் மனைவி பின்னர் சொன்னார். மாடி ஏறும்போது நெஞ்சை அழுத்துவதும் நின்றால் சரியாவதுமாக இருந்த ஒன்றை அவன் 'வாயு' என்று நினைத்திருக்கக்கூடும்.

அதைக் கேட்டபோது எனக்கு வந்தது கோபம். இறந்தவர்மேல் கோபப்படுவது பாவம் என்று நினைத்து அதை விழுங்குகிறவர்களிடம் நான் கபிலரைப் பற்றிச் சொல்வது வழக்கம். பாரியை இழந்த கபிலர் புறநானூற்றுப் பாடல் ஒன்றில் புகழ்ந்து அழுவதோடு நிற்கவில்லை. என்னையும் உடன் வரவிடாமல் இங்கேயே இரு என்று சொல்லிப் போய்விட்டாயே, இது நம் நட்புக்குப் பொருந்துமா, என்னைப் பேணிய காலத்திலேயே என்மேல் உனக்கு வெறுப்பு இருந்திருக்க வேண்டும் என்று செத்தவனோடு சண்டை பிடிக்கிறார். நட்பின் துக்கத்தில் கோபத்துக்கும் இடமுண்டு என்பதை நம் மொழி அவ்வளவு காலத்துக்கு முன்பே அறிந்திருக்கிறது.

கோபத்தைவிடக் குற்றவுணர்வுதான் அதிகம் பேரைப் பிடித்து ஆட்டுகிறது. பழைய நண்பர்களோடான தொடர்பு இன்று பெரும்பாலும் வாட்ஸாப்பில்தான் இருக்கிறது; அதில் கடைசிச் செய்தி எப்போதும் கண்முன் நிற்கும். "ஞாயிற்றுக்கிழமை ஃப்ரீயா?" என்று அவன் கேட்டிருந்ததற்கு நான் பதில் போடவில்லை. இதே கதையை வெவ்வேறு வாய்களில் கேட்டிருக்கிறேன். அவர்களிடம் நான் செய்யச் சொல்வது, கைபேசியை எடுத்து அந்த உரையாடலைக் கடைசிச் செய்தியிலிருந்து மேலே மேலே தள்ளிக்கொண்டு போவதுதான். ஐந்து, ஆறு ஆண்டுகளுக்கான பிறந்தநாள் வாழ்த்துகள், வம்புகள், மருத்துவர் பெயர் கேட்ட செய்திகள், இவர் கேட்டு அவர் பதில் போடாத நாள்கள் எல்லாம் வரும். ஒரு பதில் போடாத செய்தி அந்த நட்பில் எவ்வளவு சிறிய பங்கு என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும். நானும் செய்து பார்த்தேன். அவன் எனக்குப் பதில் போடாதவை பதினேழு. குரல் செய்திகள் இருந்தால் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேட்க முடிகிற நாள் வரும்வரை கேட்க வேண்டியதில்லை.

துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு, ஒவ்வொன்றாக ஏறி முடிக்க வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. எலிசபெத் கியூப்லர்-ராஸ் 1969இல் அதைச் சொன்னது, தாமே மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசியதன் அடிப்படையில். பின்னால் தங்கியவர்களுக்கு அது அளவுகோல் ஆகாது. நெதர்லாந்தில் ஆய்வு செய்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் இருவரும் 1999இல் முன்வைத்த விளக்கம் என் அனுபவத்தோடு கூடுதலாகப் பொருந்துகிறது: துக்கப்படுபவர் இழப்புக்குள் போவதும் அன்றாட வேலைக்குத் திரும்புவதுமாக மாறி மாறி அலைவார், அந்த அலைச்சலே ஆரோக்கியமானது. தெரு நாடகத்தில் பக்கத்திரை கிடையாது. தன் பகுதி முடிந்தவன் வட்டத்தின் ஓரத்தில் குந்திக்கொள்வான், முறை வந்தால் எழுவான். மூன்றாம் நாளே சிரித்துவிட்டோமே என்று வருந்துகிறவர்களுக்கு நான் இப்படித்தான் விளக்குகிறேன்.

தில்லியில் நாடகக்காரர்கள் துக்கத்தை எப்படிக் கையாண்டார்கள் என்பதற்கு இந்த ஊரே அறிந்த நிகழ்வு ஒன்று உண்டு. 1989 ஜனவரி 1 அன்று சாஹிபாபாத் அருகே ஜண்டாபூரில் 'ஹல்லா போல்' நாடகத்தை நடத்திக்கொண்டிருந்த ஜன நாட்டிய மஞ்ச் குழுவினர் தாக்கப்பட்டனர்; 34 வயதான சஃப்தர் ஹாஷ்மி மறுநாள் உயிரிழந்தார். ஜனவரி 4 அன்று அவருடைய மனைவி மலயஸ்ரீயும் தோழர்களும் அதே இடத்துக்குத் திரும்பிப்போய், பாதியில் நின்ற நாடகத்தை நடித்து முடித்தார்கள். அதன் அரசியல் தனியே பேசப்பட வேண்டியது. எங்கள் நண்பனின் மரணத்தை அந்தக் கொலையோடு ஒப்பிடவும் முடியாது. ஆனால் நண்பர்கள் தங்களுக்கான காரியத்தைத் தாங்களே வகுத்துக்கொள்ள முடியும் என்பதை எங்கள் தலைமுறை அதில்தான் கண்டது.

நாங்களும் பதினாறாம் நாளுக்கு முந்தைய ஞாயிறன்று மண்டி ஹவுஸ் பக்கம் கூடி, பழைய ரேஷன் கார்டு நாடகத்தை வாசிக்கப் பார்த்தோம். பிரதி இல்லை. வசனங்களில் பாதி யாருக்கும் நினைவில்லை, நினைவிருந்தவற்றை எழுதியது யார் என்று சண்டை வந்தது. அழுவதற்காகக் கூடியவர்கள் பெரும்பாலும் சிரித்துவிட்டுக் கலைந்தோம். அன்று இரவுதான் எனக்கு முதன்முதலாக ஒழுங்கான தூக்கம் வந்தது.

தூக்கம் வாரக்கணக்கில் வராமலே இருந்தாலோ, குடி கூடினாலோ, அவர் போன இடத்துக்கே போய்விடலாம் என்ற எண்ணம் ஒருமுறை தோன்றினாலும்கூட, ஆண்டு திரும்பட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வகைப்பாடு, பெரியவர்களுக்கு 12 மாதங்களுக்குப் பிறகும் அன்றாட வாழ்க்கையை முடக்கும் துக்கத்தைச் சிகிச்சை தேவைப்படும் நிலையாகக் கொள்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் அந்த வரம்பு ஆறு மாதம். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தில்லியில் இருந்துகொண்டே தமிழிலும் பேசலாம். அழைக்கும்போது "சொந்தக்காரர் இல்லை, நண்பர்தான்" என்று தயங்க வேண்டாம். அந்த 'தான்' தேவையில்லை.

துக்க வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. வரிசை முடிந்தபின் "அவருடைய சிநேகிதர்கள் யாராவது இருக்கிறார்களா?" என்று ஒருமுறை கேளுங்கள். நண்பர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. குடும்பம் அறியாத சில ஆண்டுகள் அவர்களிடம் இருக்கின்றன.

பதினாறாம் நாள் முடிந்து கூட்டம் குறைந்தபின், அவன் மனைவி என்னை உள்ளே அழைத்து உட்காரவைத்தார். "அக்கா, சார்ஜர் எங்கன்னு கேட்டாக்கூட 'ஃபைல் ஊப்பர் கயீ ஹை, ஹுசூர்'னு சொல்வாரு. அது அவரோட ஆபீஸ் பழக்கமா?" என்று கேட்டார். 'கோப்பு மேலே போயிருக்கு, ஐயா' என்று பொருள்; எங்கள் ரேஷன் கார்டு நாடகத்தில் அவன் நடித்த குமாஸ்தாவின் வசனம் அது. அப்பா நடித்தார் என்பதே பிளஸ் டூ படிக்கும் மகளுக்குப் புதிய செய்தி. "அந்த ஃபைல் கடைசியில வருமா ஆன்ட்டி?" என்றாள்.

நாடகத்தில் வராது. ஆனால் திரிலோக்புரியில் ஒரே ஒருமுறை வந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தமிழ்ப் பாட்டி ஒருவர் பொறுக்க முடியாமல், "அந்தப் பொண்ணு எத்தனை தடவ வந்து நிக்கிறா, குடுத்துத் தொலையேன்டா!" என்று கத்த, இவன் பாத்திரத்தை மறந்து, "இந்தாங்க பாட்டி, குடுத்துட்டேன்" என்று தமிழில் சொல்லி, கார்டுக்கு அலையும் பெண்ணாக நடித்த என் கையில் கார்டைத் திணித்துவிட்டான். நாடகம் அங்கேயே முடிந்துபோனது. இயக்கிய அண்ணன் டிடிசி பஸ்ஸில் கல்லூரி வந்து சேரும்வரை திட்டித் தீர்த்தார். மகள் அதை இரண்டாவது முறையும் சொல்லச் சொன்னாள். பாட்டி கத்திய இடம் வந்ததும், சமையலறையிலிருந்து அவனுடைய அம்மாவும் வந்து கதவருகே நின்றுகொண்டார்.