சொந்தத் தண்டு இல்லாத பெட்டி

கடலூர் ஓ.டி. பக்கம் ஒரு பட்டறையில் என் நண்பரின் பழைய ஜீப் மூன்று மாதமாக வயிற்றைத் திறந்து போட்டுக் கிடந்தது. சி.ஜே. 3பி, பானெட் உயரமாக இருக்குமே, அந்த ரகம். காயலான் கடையில் நாலு கியர் பெட்டி ஒன்று மலிவாகக் கிடைத்ததும், இருந்த மூன்று கியர் பெட்டியைக் கழற்றிவிட்டு அதை மாட்ட ஆசைப்பட்டார். பின்னால் வரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் மட்டும் பழையதே.

"போல்ட் துளை எல்லாம் சேர்ந்துடுச்சுண்ணே, அப்புறம் என்ன?" என்றார்.

"சட்டைக்குப் பட்டன் சேர்ந்தா போதுமா தம்பி, கை நீளம் பாக்க வேணாமா?" என்றார் மெக்கானிக்.

அவர் சொன்னது இந்த வண்டிக்கு ரொம்பவே பொருந்தும். டிரான்ஸ்ஃபர் கேஸின் வேலை, கியர் பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் அனுப்புவது. கூடவே 'லோ' போட்டால் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுவது. இதற்குள் சுழற்சி நுழைய ஒரு தண்டு வேண்டும் அல்லவா? இந்த ஜீப்பில் இருக்கும் ஸ்பைசர் 18 டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு அப்படிச் சொந்தத் தண்டு கிடையாது. கியர் பாக்ஸின் மெயின் ஷாஃப்ட் பின்பக்கமாக நீண்டு இதற்குள் வருகிறது. அதன் முனையில் ஆறு வரிப்பல், அதாவது தண்டின் நீளவாக்கில் வெட்டிய பல். அதில் ஒரு கியரைச் செருகி, நட்டு போட்டு முடுக்கிவிடுகிறார்கள். பின்னால் உள்ள வட்ட மூடியைக் கழற்றினால் அந்த நட்டு கண்ணுக்கே தெரியும். ஆக, இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் எல்லைக்கோடு இல்லை. வாடகைக்குக் குடியிருப்பவர் மாதிரி டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர் பாக்ஸின் தண்டையும் பேரிங்கையும் நம்பி ஓடுகிறது.

அதனால்தான் வேறு பெட்டி மாட்டும்போது முதலில் பார்க்க வேண்டியது போல்ட்டை அல்ல, தண்டின் முனையை. வரிப்பல்லின் எண்ணிக்கையும் விட்டமும் அந்தக் கியரோடு சேர வேண்டும். தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளமும் சரியாக இருக்க வேண்டும். குறைந்தால் கியர் பாதிப் பல்லில் கடித்து ஓடும்.

அடுத்து மையம். கியர் பாக்ஸின் பின்புறம் துருத்தி நிற்கும் வட்டமான பாகம் டிரான்ஸ்ஃபர் கேஸின் துளைக்குள் கச்சிதமாக உட்கார வேண்டும். பழைய ஸ்பைசர் 18-இல் இந்தத் துளை 3.15 அங்குலம், பின்னால் வந்தவற்றில் 4 அங்குலம். போல்ட் இறுக்கிப் பிடிக்கத்தான். மையத்தை நிறுத்துவது இந்த வட்டம். சிறிய வட்டத்தைப் பெரிய துளையில் வைத்து போல்ட்டை மட்டும் நம்பினால் தண்டு தலைமுடி அளவு விலகினாலும் போதும், பல் ஊளையிட ஆரம்பித்துவிடும். இந்த டிரான்ஸ்ஃபர் கேஸில் 'ஹை' போட்டாலும் சுழற்சி நடுக் கியர் வழியாகத்தான் போயாக வேண்டும். அதனால் அந்த ஊளை புதுச்சேரி வரைக்கும் கூடவே வரும். நண்பருக்கு லேத்தில் ஒரு வளையம் கடைந்து இதைச் சரிசெய்தார்கள்.

சரி, நாலு கியர் எதற்கு? மூன்று கியர் டி-90 பெட்டியில் முதல் கியர் 2.80, அதாவது எஞ்ஜின் 2.80 சுற்று சுற்றினால் வெளியே வரும் தண்டு ஒரு சுற்று. அதே கணக்கில் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ 2.46, ஆக்ஸில் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37. எஞ்ஜின் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றும்போது சக்கரம் 27 சுற்று, 6.00-16 டயரில் மணிக்கு 3.7 கிலோமீட்டர் போல வரும். டி-98 என்ற நாலு கியர் பெட்டியின் முதல் கியர் 6.40. அதைப் போட்டால் பெருக்கல் 85-ஐ நெருங்கும், வேகம் 1.6 கிலோமீட்டர். எறும்பு ஊர்கிற மாதிரிதான். பாறை ஏறுகிறவர்களுக்கு இது வரம். தேவனாம்பட்டினம் கடற்கரை மணலுக்கு இதனால் பெரிய பயன் இல்லை என்பது என் எண்ணம். அங்கே டயரில் காற்றைக் குறைத்து, ஓட்டம் விடாமல் போவதுதான் உதவும். ஃபைபர் படகை மேலே இழுக்க வேண்டுமென்றால் கதை வேறு.

இந்த இழுவைக்கு விலையும் உண்டு. முதல் கியரில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் போகும் முறுக்கு விசை இரண்டு மடங்குக்கு மேல் ஏறும். அதை வாங்குவது அதே பழைய கியர், அதே பழைய பல்.

நீளத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நாலு கியர் பெட்டி நீளமானது. நடுவில் அடாப்டர் தகடு வைத்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் இன்னும் பின்னால் போகும். முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே 80 அங்குலமே உள்ள வண்டியில், டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு ஏற்கனவே குட்டை. அதையும் வெட்டினால் சாய்வு கூடும். அந்தத் தண்டின் இரு முனையிலும் மடங்கிக் கொடுக்கும் குறுக்கு ஜாயிண்ட் உண்டு. சாய்ந்து சுழலும்போது அது ஒரே வேகத்தில் சுழலாது, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் ஏறி இறங்கும். இரு முனைகளிலும் கோணம் சமமாக இருந்தால் ஒன்றின் தள்ளாட்டத்தை மற்றது அழித்துவிடும். சமமில்லை என்றால் சீட்டுக்கு அடியில் நடுக்கம் தெரியும்.

நண்பர் வண்டியில் அந்தத் தண்டை ஒன்றே கால் அங்குலம் வெட்ட வேண்டியிருந்தது. வெட்டியதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தாங்கியில் வாஷர் வைத்துக் கோணத்தைச் சமன் செய்யவே ஒரு முழு நாள் போனது. இப்போது வண்டி ஓடுகிறது. இரண்டு பெட்டிக்கும் நடுவே புது சீல் போட்டும், கியர் ஆயிலின் மட்டத்தை மாதம் ஒருமுறை குனிந்து பார்க்கிறார். ஒன்றில் குறைந்து இன்னொன்றில் ஏறியிருந்தால் சீல் போய்விட்டது என்று கணக்கு.