மின்சாரம் வந்துவிட்டது, நெட்வொர்க் வரவில்லை

சிங்கப்பூரில் பெரிய மின்தடை அரிது. 2018 செப்டம்பர் 18 அதிகாலை 1.18 மணிக்குத் தீவின் பல வட்டாரங்கள் இருண்டன. சுமார் 147,000 வீடுகளும் நிறுவனங்களும் மின்சாரம் இழந்தன. 38 நிமிடங்களில் முழுதும் திரும்பிவிட்டது. அதைவிட அடிக்கடி நடப்பவை சின்னத் தடைகள்தான்: தண்ணீர் சூடாக்கியில் மின்கசிவு ஏற்பட்டு வீட்டு மின்பெட்டி ‘ட்ரிப்’ ஆவது, சிராங்கூன் சாலையின் பழைய கடைவீடு ஒன்றில் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவது. விளக்கும் விசிறியும் உடனே உயிர்பெறுகின்றன. கணினி, அச்சுப்பொறி, கேமரா ஆகியவற்றைக் கேபிள்களால் ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டியான நெட்வொர்க் சுவிட்ச் மூலையில் இருக்கிறது; அதிலும் விளக்குகள் மினுக்குகின்றன. ஆனால் கல்லாவிலுள்ள கணினிக்கு அச்சுப்பொறி தெரிவதில்லை.

உடனே சுவிட்சின் பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகுகிறார்கள். அதுவும் பலிக்கவில்லை என்றால், புதியது வாங்க, மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்குக் கிளம்புகிறார்கள். இரண்டுக்கும் முன்னால் ஐந்து நிமிடம் பொறுத்திருக்கச் சொல்வேன். மின்தடை பெரும்பாலும் சுவிட்சைக் கெடுப்பதில்லை. முன்பே மறைந்திருந்த குறை ஒன்றை வெளியே கொண்டுவருகிறது. அந்தக் குறை எது என்பதற்கான தடயங்கள் விளக்குகளிலும், எந்தக் கருவி வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்பதிலும் இருக்கின்றன.

சுவிட்சுக்கு இரண்டு வகை நினைவகம் உண்டு. மின்சாரம் போனால் ஒன்று வெறுமையாகிவிடும். மற்றொன்று அப்படியே இருக்கும். எந்தக் கருவி எந்தப் போர்ட்டில், அதாவது கேபிள் செருகும் எந்தத் துளையில், இருக்கிறது என்ற அட்டவணை முதல் வகையில் இருக்கிறது. அது அழிவதால் நட்டமில்லை. பெறுநர் எங்கே என்று தெரியாத தகவலைச் சுவிட்ச், அது வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அனுப்பும். புளோக்குக்குப் புதிதாக வந்த தபால்காரர் தாழ்வாரத்தில் நின்று பெயரைக் கூவுவது போன்றது இது. ஒவ்வொரு கருவியும் தகவல் அனுப்பும்போது அதன் இருப்பிடத்தைச் சுவிட்ச் குறித்துக்கொள்ளும். சில நொடிகளில் அட்டவணை நிரம்பிவிடும்.

சிக்கல் அமைப்புகளில்தான். நிர்வகிக்கக்கூடிய, அதாவது அமைப்புகளை நாமே மாற்றக்கூடிய, சுவிட்சுகள் பலவற்றில், நாம் செய்யும் மாற்றம் உடனே அமலுக்கு வந்தாலும் அழியும் நினைவகத்தில்தான் இருக்கும். ‘சேமி’ என்று தனியாகக் கட்டளை தந்தால்தான், மின்சாரம் போனாலும் அழியாத பிளாஷ் நினைவகத்தில் பதியும். ஆறு மாதத்துக்கு முன் ஒருவர் கண்காணிப்புக் கேமராக்களைத் தனி விலானுக்கு (ஒரே சுவிட்சுக்குள் பிரித்துவைக்கும் தனி நெட்வொர்க்குக்கு) மாற்றினார் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் ஓடியது, சேமிக்க மறந்து போய்விட்டார். மின்சாரம் போய்வந்ததும் சுவிட்ச் பழைய அமைப்போடு எழுகிறது. போர்ட் விளக்குகள் பச்சையாக எரிகின்றன, கேபிளில் குறையில்லை, ஆனால் கேமராக்கள் மட்டும் காணாமல் போயிருக்கும். ஒரு குழு மொத்தமாக விழுந்து மற்றவை நன்றாக ஓடினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். எத்தனை முறை பிளக்கைப் பிடுங்கினாலும் அது தீராது. சுவிட்சின் பதிவேட்டைப் பார்க்கும்போது தேதியைக் கண்டு திகைக்க வேண்டாம். பேட்டரிக் கடிகாரம் இல்லாத, சிஸ்கோ நிறுவனத்தின் பழைய கேட்டலிஸ்ட் சுவிட்ச் வகைகள் சில, மின்சாரம் போய்வந்ததும் 1993 மார்ச் 1 என்று காட்டும்.

அடுத்தது, யார் முதலில் விழிக்கிறார்கள் என்பது. இன்றைய கணினி அரை நிமிடத்தில் எழுந்துவிடும். பெரிய சுவிட்சுக்கும் ரௌட்டருக்கும் சில நிமிடங்கள் பிடிக்கலாம். நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியை வழக்கமாக ரௌட்டர்தான் தரும். கணினி அதைக் கேட்கும் நேரத்தில் பதில் சொல்ல யாரும் இல்லாததால், 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே வைத்துக்கொள்கிறது. அந்த எண் கண்ணில் பட்டால் முதலில் சுவிட்சைக் குறைசொல்ல வேண்டாம். ரௌட்டர் முழுதாக எழுந்த பிறகு கணினியின் கேபிளை எடுத்துச் செருகிப் பாருங்கள். மறுபடி கேட்டுச் சரியான முகவரியைப் பெற்றுக்கொள்ளும்.

கேபிள் அறுந்தாலும் தொடர்பு நிற்காதிருக்க, இரண்டு மாடிகளின் சுவிட்சுகளை இரண்டு கேபிள்களால் இணைப்பது உண்டு. அப்படியே விட்டால் தகவல் வட்டமாகச் சுற்றி நெட்வொர்க்கையே மூழ்கடிக்கும். 1985இல் கணினி விஞ்ஞானி ரேடியா பெர்ல்மன் வடிவமைத்த ஸ்பானிங் ட்ரீ முறை, சுவிட்சுகளே பேசிக்கொண்டு ஒரு வழியை அடைத்துவைக்க வகைசெய்கிறது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது: தலைவர் என்று யாரும் நியமிக்காமலே அவை ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்கின்றன. பழைய முறைப்படி, ஒரு போர்ட் திறப்பதற்கு முன், மற்ற சுவிட்சுகள் பேசுவதைக் கேட்க 15 நொடி, கருவிகளின் இருப்பிடத்தைக் கற்க 15 நொடி காத்திருக்கும். அந்த அரை நிமிட மௌனம் பழுதல்ல. 2001இல் வந்த விரைவு வடிவம் இந்தக் காத்திருப்பைப் பெரிதும் குறைத்தது. மலிவான சுவிட்சுகள் பலவற்றில் இந்தக் காவலே கிடையாது. இருட்டில் யாரோ தொங்கிய கேபிளின் இரு முனைகளையும் ஒரே சுவிட்சில் செருகிவிட்டால் எல்லா விளக்குகளும் ஒன்றாகத் துடிக்கும், எதுவும் வேலை செய்யாது. கடைசியாகச் செருகிய கேபிளை எடுங்கள்.

உண்மையிலேயே பழுதாகும் உறுப்பு ஒன்று உண்டு: மின்வழங்கியில் மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் மின்தேக்கி. அதன் உள்ளே திரவ மின்பகுபொருள் இருக்கிறது. வெப்பத்தில் அது மெல்ல உலரும்; வெப்பநிலை 10 பாகை கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்களின் கணக்கு. காற்றோட்டமில்லாத அலமாரிக்குள், நம் ஊர் வெக்கையில், ஆண்டுக்கணக்கில் அணையாமல் ஓடிய மின்தேக்கி சூடாக இருக்கும்வரை தாக்குப்பிடிக்கும். ஒருமுறை அணைந்து குளிர்ந்துவிட்டால் சுவிட்சை எழுப்பும் வலு அதற்கு இல்லாமல் போகலாம். விளக்கு எரிந்து அணைந்து மறுபடி எரிவது, சுவிட்ச் திரும்பத் திரும்பத் தொடங்குவது ஆகியவை இதன் அடையாளங்கள். வெளியே அடாப்டர் உள்ள சிறிய சுவிட்ச் என்றால் முதலில் அதை மட்டும் மாற்றிப் பாருங்கள். வோல்ட் அளவும் முனைகளின் நேர்-எதிர் அமைப்பும் அச்சாகப் பொருந்த வேண்டும். ஆம்பியர் பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். மின்வழங்கி உள்ளேயே இருக்கும் வகை என்றால் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கலாம்.