புது கிளட்ச் போட்ட பிறகும் கருகல் வாடையா?

கிளட்ச் மாற்றிய வண்டியில் கருகல் வாடை வருகிறது என்று சொன்னால், ஒர்க்‌ஷாப்பில் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "புது பிளேட் சார், செட் ஆகுற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்." இது பொய்யில்லை. ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை தெரியாமல் பொறுத்துக்கொண்டு ஓட்டினால், சில மாதத்திலேயே கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டிவரும். கிளட்ச் செட் விலை, கூலி எல்லாம் இன்னொரு முறை.

பிளேட்டின் இரு பக்கமும் ரிவெட் அடித்திருக்கும் லைனிங், நார்களை ரெசினோடு சேர்த்து அழுத்திச் செய்தது. புதிதில் அதன் முகம் முழுவதும் ஃப்ளைவீலில் (எஞ்சினோடு சுற்றும் கனத்த சக்கரம்) பதியாது. மேடாக இருக்கும் இடங்கள் மட்டும் உராய்ந்து சூடாகும்போது ரெசின் வாடை வரும். நின்று நின்று போகும் டவுன் ஓட்டத்தில் சுமார் 500 கி.மீ.க்குள் முகம் பதிந்துவிடும். இந்த இயல்பான வாடை லேசாக இருக்கும். மேடேறிய பிறகோ, சரிவில் ரிவர்ஸ் எடுத்த பிறகோ வந்து சில நிமிடத்தில் அடங்கும். நாளுக்கு நாள் குறையும். பிக்கப் கொஞ்சமும் குறையாது. இதில் ஒன்று பொருந்தாவிட்டாலும் காத்திருக்காதீர்கள்.

அடுத்து, வருவது கிளட்ச் வாடைதானா என்று பாருங்கள். லைனிங் கருகினால் பிரேக் லைனிங் கருகுவதுபோல மூக்கைக் குத்தும் காரமான வாடை வரும். காய்ந்த எண்ணெய் வாடையும் பானட்டிலிருந்து மெல்லிய புகையும் வந்தால், டிரைவ் ஷாஃப்டைக் கழற்றியபோது கொட்டிய கியர் ஆயில் சைலன்சர் பைப்பில் எரிகிறது என்று அர்த்தம். துடைத்துவிட்டால் ஓரிரு நாளில் போய்விடும். போகாவிட்டால் டிரைவ் ஷாஃப்ட் ஆயில் சீல் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு சக்கரத்தின் பக்கம் மட்டும் வாடையும் சூடும் இருந்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. வேலையின்போது கழற்றித் தொங்கவிட்ட பிரேக் காலிப்பரின் ஹோஸ் முறுக்கிக்கொண்டிருக்கலாம்.

பிளாஸ்டிக் கருகும் வாடையை மட்டும் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். பேட்டரி நெகட்டிவிலிருந்து கியர்பாக்ஸுக்கு வரும் எர்த் ஒயரை, கியர்பாக்ஸை ஏற்றும்போது திரும்ப மாட்ட மறப்பது உண்டு. ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். எர்த் இல்லாவிட்டால் அந்தக் கரண்ட் கிளட்ச் கேபிள், கியர் கேபிள் வழியாகத் திரும்பப் போகும். கேபிள் பழுக்கக் காய்ந்து மேல் உறை உருகும். செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் மந்தமாகச் சுற்றி, கேபிளும் தொட முடியாத அளவு சுட்டால் காரணம் இதுதான். வண்டியை நிறுத்தி, ஒயரை மாட்டிய பிறகே மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள்.

கிளட்ச் வாடைதான் என்று உறுதியானால், ஸ்லிப் ஆகிறதா, அதாவது பிளேட் பிடிக்காமல் வழுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஆளில்லாத சமதளச் சாலையில் நான்காவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் போய், ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். ஆர்.பி.எம். முள் மட்டும் விறுவிறுவென ஏறி, வேகம் அதோடு சேர்ந்து ஏறாவிட்டால் ஸ்லிப். ஒருமுறை செய்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் அந்தச் சோதனையே பிளேட்டைக் கருக்கிவிடும்.

ஸ்லிப் இருந்தால் கியர்பாக்ஸைத் தொடுவதற்கு முன் பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். கேபிள் கிளட்ச் உள்ள பெரும்பாலான கார்களில், அழுத்தம் தட்டுவதற்கு முன் 10 முதல் 25 மி.மீ. வரை வெறும் ஆட்டம் இருக்க வேண்டும். உங்கள் மாடலின் அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். புது பிளேட் தடிமனாக இருப்பதால் பழைய அட்ஜஸ்ட்மென்ட்டில் ஆட்டம் கூடிவிடும்; பெடல் கீழே பிடிக்கும், கியர் இறுக்கமாக விழும். அதைச் சரிசெய்ய கேபிள் நட்டை ஒரேயடியாக முறுக்கிவிடுவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. ஆட்டம் அறவே போனால், ரிலீஸ் பேரிங் (பெடலை மிதித்தால் கிளட்சை விடுவிப்பது) எப்போதும் பிரஷர் பிளேட்டின் (பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிப்பது) ஸ்பிரிங் விரல்களை அழுத்திக்கொண்டே இருக்கும். ஓட்டுபவர் கிளட்ச் மேல் கால் வைத்தே ஓட்டும் நிலைதான் அது. லைனிங் தேயத் தேய ஆட்டம் மேலும் குறையும் என்பதால், மாற்றிய 1,000 கி.மீ.க்குள் ஒருமுறை மறுபடி அளந்துகொள்ள வேண்டும்.

கேபிளுக்குப் பதில் ஃப்ளூயிட் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்சில் கோளாறு மறைந்திருக்கும். பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரின் புஷ்ராடுக்கு ஆட்டம் இல்லாவிட்டால், ஃப்ளூயிட் டேங்குக்குத் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கும். வண்டி சூடாக ஃப்ளூயிட் விரியும். விரிந்தது போக வழியின்றி கிளட்சைத் தள்ளும். காலையில் நன்றாக ஓடி, அரைமணி ஓட்டத்துக்குப் பிறகு ஸ்லிப் ஆகி, ஆறியதும் சரியாகிவிடும். ஸ்லிப் ஆகும் நேரத்தில் வண்டியை நிறுத்தி கியர்பாக்ஸ் பக்கமுள்ள ஸ்லேவ் சிலிண்டரின் ப்ளீடர் நட்டைக் கணநேரம் தளர்த்துங்கள். ஃப்ளூயிட் பீய்ச்சி அடித்து கிளட்ச் உடனே பிடித்தால் கோளாறு பெடல் பக்கம்தான். புது செட் வாங்கிப் பயனில்லை.

கிளட்ச் பெடல் இல்லாமல் கிளட்ச் தானாக இயங்கும் ஏ.எம்.டி. கார்களில் கிளட்ச் மாற்றியதும் ஸ்கேனர் மாட்டி, கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் கம்ப்யூட்டருக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். விட்டால் பழைய கணக்கிலேயே இழுத்து பிளேட்டை உராயவிடும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் ஸ்லிப் இருந்தால்தான் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அப்போது கூடவே இருந்து பாருங்கள். பிளேட் எண்ணெயில் நனைந்து, ஈரம் எஞ்சின் பக்கமிருந்து வந்திருந்தால் கிராங்க் ஆயில் சீல். கியர்பாக்ஸ் பக்கமிருந்து என்றால் இன்புட் ஷாஃப்ட் சீல். இரண்டும் முதல்முறை இறக்கியபோதே பார்த்திருக்க வேண்டியவை. கிரீஸ் தெறித்திருந்தால் ஸ்ப்ளைனில் (பிளேட் ஏறும் ஷாஃப்டின் பல்வரி) அள்ளிப் பூசியிருக்கிறார்கள். மெல்லிய பூச்சுக்கு மேல் அங்கே தேவையில்லை. புது பிரஷர் பிளேட்டில் துருப்பிடிக்காமல் இருக்க அடித்திருக்கும் எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைக்காமல் ஏற்றுவதும் உண்டு. நனைந்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் போட்டு மாட்டச் சம்மதிக்காதீர்கள். ஊறிய எண்ணெய் சூட்டில் திரும்ப வெளியே வரும்.

ஃப்ளைவீல் முகத்தில் நீலத் திட்டுகளோ மயிரிழை வெடிப்புகளோ இருந்தால் லேத்துக்கு அனுப்ப வேண்டும். வெடிப்பு ஆழமாக இருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஓரத்தில் படி (பிரஷர் பிளேட் பூட்டும் இடம்) உள்ள ஃப்ளைவீலில், உராயும் முகத்தை எவ்வளவு சீவுகிறார்களோ அதே அளவு படியையும் சீவ வேண்டும். முகத்தை மட்டும் சீவினால் பிரஷர் பிளேட்டின் பிடி குறைந்து, எல்லாம் புதிதாக இருந்தும் ஸ்லிப் ஆகும். லேத்காரரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டு துண்டாக, நடுவில் ஸ்பிரிங் வைத்துச் செய்த டூயல் மாஸ் ஃப்ளைவீலைப் பொதுவாக லேத்தில் கொடுப்பதில்லை.

"நீங்க ஹாஃப் கிளட்ச்ல ஓட்டுறீங்க" என்று ஒர்க்‌ஷாப் சொன்னால், கழற்றிய பிளேட்டைப் பார்த்துப் பேசலாம். எண்ணெய்க் கறை இல்லாமல், பெடல் ஆட்டமும் சரியாக இருந்து, லைனிங் வறண்டு கருகி, பிரஷர் பிளேட் சுற்றிலும் நீலமாகியிருந்தால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எண்ணெய்க் கறையோ கிரீஸோ தெரிந்தால் அது வேலையில் வந்த குறை. கழுவித் துடைப்பதற்கு முன்பே, பிளேட்டின் இரு பக்கத்தையும் பெல் ஹவுசிங் (கிளட்சை மூடும் கூடு) உள்பக்கத்தையும் போட்டோ எடுத்துவிடுங்கள்.