கோட்டம் எடுத்தல்: சக்கரத்தை 'உண்மையாக்க' வேண்டாம்

'சக்கரத்தை உண்மையாக்கும் முறை' என்று ரோடு பைக் (சாலையில் வேகமாக ஓட்டும் சைக்கிள்) பராமரிப்புக் குறிப்புகளில் தொடர்ந்து கண்ணில் படுகிறது. ஆங்கிலத்தின் 'ட்ரூயிங்'தான் இந்தக் கதிக்கு ஆளாகியிருக்கிறது. 'ட்ரூ' என்றால் உண்மை என்று அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டார்கள். சுழலும்போது ரிம் இடமும் வலமும் அலைவதைக் கம்பிகளை முடுக்கியும் தளர்த்தியும் நேராக்கும் வேலைக்கு நம் சைக்கிள் பட்டறைகளில் நெடுங்காலமாக ஒரு பெயர் உண்டு: கோட்டம் எடுத்தல்.

சொல்லின் பிறப்பு எளிது. கோடு என்ற வினைக்கு வளை, சாய், நெறி விலகு என்று பொருள். ஆடு ஆட்டம் ஆவதுபோல, வாடு வாட்டம் ஆவதுபோல, கோடு கோட்டம் ஆனது. அரசன் நெறி தவறினால் 'கோல் கோடி' என்கிறது குறள். நடுவு நிலைமை அதிகாரத்தில் இன்னும் தெளிவாக வருகிறது: 'சொற்கோட்டம் இல்லது செப்பம் ஒருதலையா உட்கோட்டம் இன்மை பெறின்' (119). கோட்டத்துக்கு எதிர்ச்சொல் செப்பம் என்பது இந்த ஒரு குறளிலேயே கிடைத்துவிடுகிறது.

ஆங்கிலச் சொல்லின் கதையும் இதே பாதைதான். பழைய ஆங்கிலத்தில் 'ட்ரூ' என்பதன் மூலச்சொல் 'நம்பத்தக்க, சொல் தவறாத' என்ற பொருளில் வழங்கியது. பிறகு கைவினைஞரிடம் 'பிசகில்லாத, நேரான' என்று விரிந்தது. 19ஆம் நூற்றாண்டில் 'நேராக்கு' என்ற வினையாகவும் ஆனது. மனத்தின் நேர்மைக்கும் மரச்சட்டத்தின் நேருக்கும் அவர்கள் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள். நாமும் அப்படித்தான்: நேர்மை, செம்மை, கோட்டம் மூன்றும் மனிதருக்கும் பொருளுக்கும் பொதுவாக நிற்பவை. உண்மை என்ற சொல்லுக்கோ வடிவம் பற்றிய பொருளே கிடையாது. சுவர் நேராக இருக்கும்; உண்மையாக இருக்காது.

'உண்மையாக்கல்' கண்டதுமே தவறென்று தெரிவதால் அதனால் பெரிய கேடில்லை. கேடு செய்வது 'சக்கரச் சீரமைப்பு'. கேட்க நல்ல தமிழாக இருப்பதால் மறுப்பில்லாமல் நுழைந்துவிடுகிறது. முதல் குறை, அது ஏற்கெனவே வேறு வேலையின் பெயர். கார்ப் பட்டறையில் சக்கரச் சீரமைப்பு என்றால் நான்கு சக்கரங்களும் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று சரிசெய்வது. அங்கே சக்கரம் கோணாமல் இருக்கலாம், நிற்கும் கோணம்தான் பிசகு. இங்கே நிற்கும் இடம் சரி, சக்கரமே கோணியிருக்கிறது.

இரண்டாவது குறை இன்னும் பெரிது. சீரமைப்பு என்பது சாலைக்கும் குளத்துக்கும் கட்சிக்கும் பொருந்தும் சொல். என்ன கெட்டது என்று அது சொல்வதில்லை. தமிழ்க் கைவேலைப் பேச்சு அப்படி அமையாது. நீக்க வேண்டியதைப் பெயர் சொல்லி எடுக்கும். சிக்கு எடுக்கிறோம், களை எடுக்கிறோம், முள் எடுக்கிறோம், பாத்திரத்தில் நெளிவு எடுக்கிறோம். கோட்டம் எடுத்தலும் அந்த வரிசைதான். எதைத் தேட வேண்டும் என்று பெயரே காட்டிவிடுகிறது.

தேடுவதில் முதல் படி, கோட்டத்தையும் ஆட்டத்தையும் பிரிப்பது. ரிம்மைப் பிடித்து இருபுறமும் அசைத்தால் கடகடவென்று ஆடுகிறதா? அது ஹப்பில், அதாவது சக்கரத்தின் குடத்தில், உள்ள பேரிங்கின் கோளாறு. அதைச் சரிசெய்யாமல் நிப்பிளை (கம்பியை ரிம்மோடு பிடிக்கும் சிறு திருகு முனையை) தொட்டால் எந்த அளவும் நிலைக்காது. ஆட்டம் இல்லை, சுற்றினால் மட்டும் அலைகிறது என்றால்தான் கோட்டம். இரண்டையும் 'சீரமைப்பு தேவை' என்று எழுதும் குறிப்பு படிப்பவருக்கு எதையும் சொல்லவில்லை.

அடுத்து, கோட்டம் எந்தத் திசையில் என்பது. ரிம் வலப்பக்கம் வந்தால் அந்த இடத்தில் ஹப்பின் இடப்புறத்திலிருந்து வரும் கம்பியைக் கால் சுற்று முடுக்கி, அடுத்துள்ள வலப்புறக் கம்பியைக் கால் சுற்று தளர்த்த வேண்டும். 2 மி.மீ. கம்பியின் மரை அங்குலத்துக்கு 56 சுற்று. எனவே முழுச் சுற்றுக்கு சுமார் 0.45 மி.மீ., கால் சுற்றுக்கு 0.11 மி.மீ. மட்டுமே நகரும். 20 அல்லது 24 கம்பி கொண்ட ரோடு பைக் வீலில் இந்தக் கால் சுற்றே வேலையைக் காட்டிவிடும். பழைய கருப்பு சைக்கிளின் 32, 40 கம்பி வீலில் பழகிய கை இங்கே நிதானிக்க வேண்டும். திசையில் தடுமாறுவோர் பலர். டயர் இருக்கும் பக்கத்திலிருந்து நிப்பிளின் தலையைப் பார்த்தால் கடிகாரச் சுற்றில் முடுகும். ஹப் பக்கத்திலிருந்து குனிந்து பார்த்தால் அதே முடுக்கு எதிர்ச்சுற்றாகத் தெரியும். நிப்பிளைத் திருப்பும் சாவியின் அளவும் பொருந்த வேண்டும்: 3.23 மி.மீ. நிப்பிளில் 3.45 மி.மீ. சாவியைப் போட்டால் மூலைகள் மழுங்கி, பிறகு எந்தச் சாவியும் பிடிக்காது.

இந்த வேலையில் மூன்று தனித்தனிப் பிழைகள் இருக்கின்றன. 'சீரமைப்பு' மூன்றையும் ஒன்றாகக் குழைத்துவிடும். இடவல அலைவு பக்கக் கோட்டம். ரிம் ஓரிடத்தில் மேடாகவும் ஓரிடத்தில் பள்ளமாகவும் சுற்றுவது உயரக் கோட்டம். இதற்கு இருபுறக் கம்பிகளையும் சேர்த்தே முடுக்கவோ தளர்த்தவோ வேண்டும். மூன்றாவது, ரிம் அச்சின் நடுவில் நில்லாமல் ஒருபக்கம் ஒதுங்கியிருப்பது. ஆங்கிலத்தில் இதை 'டிஷ்' என்பதால் 'தட்டு' என்று பெயர்த்து வைத்திருக்கிறார்கள். தமிழில் இது நடு பிடித்தல். பின்வீலில் பற்சக்கரத் தொகுதிக்கு இடம் விடுவதால் வலப்புறக் கம்பிகள் செங்குத்தாக நிற்கின்றன. ரிம்மை நடுவில் நிறுத்த அவற்றை இடப்புறத்தைவிட விறைப்பாக இழுக்க வேண்டியிருக்கிறது. ரோடு பைக்கில் வலப்புறம் 100 முதல் 120 கிலோகிராம் விசை வழக்கம். ரிம் தயாரித்தவர் குறித்த உச்சத்தைத் தாண்டக் கூடாது. ஆங்கிலத்தில் 'டென்ஷன்' எனப்படும் இந்த விறைப்பை 'கம்பியின் பதற்றம்' என்று மொழிபெயர்ப்பவர்கள் ஒருமுறையாவது கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுத வேண்டும்.

ரிம்மையே பிடித்து நிறுத்தும் ரிம் பிரேக் வண்டியில் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே 1 முதல் 2 மி.மீ. தான் இருக்கும்; எனவே பக்கக் கோட்டம் 0.5 மி.மீ.க்குள் வந்தால் நல்ல வேலை. ரிம் நேரானதும் முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது. முடுக்கும்போது மெல்லிய கம்பிகள் நிப்பிளோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். ஓட்டியதும் அந்த முறுக்கு பிரிந்து கோட்டம் திரும்பிவிடும். அதனால் தேவைக்குச் சற்றுக் கூடுதலாகத் திருப்பிப் பின்வாங்க வேண்டும். இணையாகப் போகும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் அழுத்தி, மறுபடியும் சுற்றிப் பார்க்க வேண்டும்.

கோட்டம் என்பதற்குக் கோயில், நிர்வாகப் பிரிவு என்ற பொருள்களும் உண்டே என்று தூயதமிழ் அன்பர் சிலர் தயங்குகிறார்கள். வள்ளுவர் கோட்டத்தையும் கோட்டாட்சியர் அலுவலகத்தையும் வீல் கோட்டத்தோடு யாரும் குழப்பிக்கொண்டதில்லை. ஆங்கில 'பெண்ட்' (வளைவு) வழி வந்த 'பெண்டு எடுத்தல்' போதாதா என்பது எதிர்ப்பக்கக் கேள்வி. பட்டறைகளில் இரண்டும் கலந்து வழங்குவது உண்மைதான். ஆனால் பெண்டு என்பதை உலோகமே வளைந்ததற்கு ஒதுக்கினால் பயன் அதிகம். ரிம் நேராக வந்த பிறகும் ஓரிடத்துக் கம்பி தொளதொளவென்றும் பக்கத்துக் கம்பி கல்லாகவும் இருந்தால், அங்கே ரிம் பெண்டாகியிருக்கிறது. அதைக் கம்பியால் இழுத்து மறைத்தால் தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் தொய்ந்து விறைத்து, ஹப்பருகே வளையும் இடத்தில் களைத்து அறுந்துவிடும். கோட்டத்தை எடுக்கலாம், அந்த அளவுக்குப் பெண்டானால் ரிம்மை மாற்ற வேண்டும்.