காணாக்கடியும் குடல்புழுவும்

குழந்தையின் கன்னத்தில் வெளிறிய திட்டு தெரிந்தாலே, "வயித்துல பூச்சி இருக்கு போல டாக்டர்" என்றுதான் அம்மாக்கள் பேச்சைத் தொடங்குவார்கள். அந்தத் திட்டுக்குப் பெரும்பாலும் வறண்ட தோல்தான் காரணம். மாய்ஸ்சரைசர் தடவி வந்தால் சில மாதங்களில் மறைந்துவிடும். புழுவைச் சந்தேகிக்க வேண்டிய இடம் வேறு. அங்கே யாருக்கும் அந்த நினைப்பே வருவதில்லை.

நடவு வேலைக்குப் போகும் ஓர் அம்மா, வயது ஐம்பதுக்கு மேல். பல வருடமாகக் காணாக்கடி, அதாவது தோல் திடீர் திடீரென்று தடித்து அரிக்கும். ஊசி போட்டால் இரண்டு நாள் அடங்கும், அப்புறம் மறுபடி தடிக்கும். தொடையின் பின்பக்கம் சிவந்த கோடு ஒன்று வளைந்து ஓடியது. அதன் முனையில் பேனாவால் புள்ளி வைத்து, வெளியே உட்காரச் சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், கோடு புள்ளியைத் தாண்டி நாலு விரற்கடை போயிருந்தது.

தோலுக்கடியில் ஊர்ந்தது ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற குடல்புழுவின் லார்வா, அதாவது குஞ்சு. வெறுங்காலில் மண்ணிலிருந்து ஏறி, நுரையீரல் வழியாகக் குடலுக்குப் போகும். மற்ற குடல்புழுக்களில் பெரும்பாலானவை சில வருடங்களில் செத்துவிடும். இதன் குஞ்சுகளோ உடம்புக்குள்ளேயே வளர்ந்து, குடல் சுவரையும் ஆசனவாய்த் தோலையும் துளைத்துத் திரும்ப நுழைகின்றன. அதனால் முப்பது, நாற்பது வருடம்கூட இருக்கும். அதை எதிர்க்க உடம்பு ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைச் சுரக்க, தோலில் ஹிஸ்டமின் என்ற ரசாயனம் வெளிப்பட்டுத் தடிப்பும் அரிப்பும் வருகின்றன.

என் பயமெல்லாம் ஸ்டீராய்டு பற்றித்தான். அரிப்பு அடங்கட்டும் என்று கொடுக்கிற மாத்திரையும் ஊசியும் நோய் எதிர்ப்பைத் தணித்துவிடும். அப்போது லார்வாக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, குடலில் உள்ள பாக்டீரியாவையும் சுமந்துகொண்டு நுரையீரல், மூளை வரை பரவலாம். உயிரே போகக்கூடும்.

ஒரு தடவை மலம் பரிசோதித்து "புழு இல்லை" என்று வந்தால் நம்பிவிடாதீர்கள். லார்வா தினமும் வெளிவராது. ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணு கூடியிருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு அதுவும் கூடாமல் போகலாம். குடற்புழு நீக்க நாளான பிப்ரவரி 10 அன்று பள்ளியில் கொடுக்கும் ஒரே ஒரு 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் பூச்சி மாத்திரை இதற்குப் போதாது. ஐவர்மெக்டின்தான் சரியான மருந்து, மருத்துவர் எடை பார்த்துத் தருவார்.

நீங்கள் வயலிலோ செங்கல் சூளையிலோ வெறுங்காலோடு வேலை செய்தவரா? ஸ்டீராய்டு எழுதும் மருத்துவரிடம் அதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அந்த அம்மாவிடம் அத்தனை வருடத்தில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை.