டிராகன்ஸ் டாக்மா: பாதியில் மூடிவைக்கும் முன்

ஃபேன்டஸி ஆர்.பி.ஜி. (ஒரு கதாபாத்திரமாக மாறி ஆடும் வீடியோ கேம்) விளையாடுகிறவர்களிடம் 'டிராகன்ஸ் டாக்மா' என்று சொன்னால் இரண்டு விதமான பதில்தான் வரும். சிலர் அரை மணி நேரம் மூச்சுவிடாமல் பேசுவார்கள். மற்றவர்கள், "அஞ்சாறு மணி நேரம் ஆடினேன், நடந்து நடந்தே அலுத்துப்போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்" என்பார்கள். இந்த இரண்டாவது ரகத்தினர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் எங்கே விட்டீர்கள், எப்படிச் செத்தீர்கள் என்று துருவிக் கேட்டால், கேம் சரியாக விளக்காமல் விட்ட நாலைந்து இடங்களிலேயே எல்லோரும் தடுக்கி விழுந்திருப்பது தெரிகிறது. கேம்களைப் பிரித்துப் பார்த்து எழுதுவதே வேலையாக இருப்பதால், அந்த இடங்களை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது என்று தோன்றியது.

கேப்காம் இதை 2012 மே மாதம் பிளேஸ்டேஷன் 3-க்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் வெளியிட்டது. இயக்கியவர் ஹிடேயாகி இட்சுனோ. டெவில் மே க்ரை தொடரில் பெயர் எடுத்தவர், அதனால் சண்டை கைக்கு அவ்வளவு நன்றாக அமர்கிறது. நேரம்தான் சரியில்லை. ஆறு மாதம் முன்புதான் ஸ்கைரிம் வந்து எல்லோருடைய ராத்திரிகளையும் விழுங்கியிருந்தது. டியாப்லோ 3 வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. போதாக்குறைக்கு அந்தப் பழைய கன்சோல்களில் திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை, திணறும் ஃபிரேம் ரேட். 2013-இல் கூடுதல் தீவு ஒன்றைச் சேர்த்து 'டார்க் அரைசன்' பதிப்பு வந்தது. 2016 ஜனவரியில் அது கணினிக்கு வந்த பிறகுதான் பலரும் திரும்பிப் பார்த்தார்கள். இன்று வாங்குவதென்றால் இந்தப் பதிப்புதான். பத்து வருடப் பழைய லேப்டாப்பிலும் சமாளித்து ஓடும்.

கதையை எதிர்பார்த்து உட்காராதீர்கள். கசார்டிஸ் என்ற மீனவக் கிராமத்தில் ஒரு டிராகன் இறங்கி உங்கள் இதயத்தைப் பிடுங்கி விழுங்கிவிடுகிறது, நீங்கள் சாகாமல் அதைத் துரத்திப் போகிறீர்கள். நடுப்பகுதி சுமார். முடிவுப் பகுதி மட்டும் யாரும் எதிர்பாராத இடத்துக்குப் போகிறது, அதைச் சொல்லிக் கெடுக்க வேண்டாம்.

இந்த கேமின் ருசி வேறு இடத்தில் இருக்கிறது. ஊர் எல்லையைத் தாண்டிக் கிளம்புவதை ஒரு பெரிய காரியமாக இது ஆக்கிவைத்திருக்கிறது. மற்ற ஆர்.பி.ஜி.களில் வரைபடத்தில் ஒரு புள்ளியைத் தொட்டால் அங்கே போய் நிற்பீர்கள். இங்கே என்ன எடுத்துப்போகிறோம், எத்தனை கிலோ, இருட்டுவதற்குள் திரும்ப முடியுமா என்று கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கைத் தொந்தரவு என்று நினைத்தால் கேம் சலிக்கும். அதுதான் விளையாட்டே என்று பிடிபட்டுவிட்டால் விட மாட்டீர்கள்.

எடையிலிருந்து ஆரம்பிப்போம். கேரக்டர் உருவாக்கும் திரையில் உயரம், பருமன் எல்லாம் அழகுக்கு மட்டும் என்று நினைத்துத்தான் முக்கால்வாசிப் பேர் தள்ளிவிட்டுப் போகிறார்கள். உடல் எடை 49 கிலோவுக்குள் என்றால் சுமக்கும் வரம்பு 40 கிலோதான். 50 முதல் 69 வரை என்றால் 50 கிலோ, 70 முதல் 89 வரை 65, 90 முதல் 109 வரை 75, 110-க்கு மேல் போனால் 100 கிலோ. பதிலுக்கு, ஒல்லியானவருக்கு ஸ்டாமினா (தெம்பு) சீக்கிரம் ஊறும், குண்டானவருக்கு மெதுவாக ஊறும். நடுத்தர உடம்போடு நீங்கள் இருந்துகொண்டு, உங்கள் துணைக் கேரக்டரைப் பெரிய உருவமாகச் செய்து மூட்டையை அதன் தலையில் ஏற்றுவது நல்ல ஏற்பாடு. சுமை கூடக்கூட ஓட்டமும் குறையும், ஸ்டாமினாவும் வேகமாகக் கரையும். ஸ்டாமினா சுத்தமாகத் தீர்ந்தால் உங்கள் ஆள் நின்ற இடத்திலேயே குனிந்து மூச்சு வாங்குவார். ஆரம்ப லெவல் மரணங்களில் பாதி இந்த இரண்டு மூன்று விநாடிகளில்தான் நடக்கின்றன. வழியில் முளைத்துக் கிடக்கும் காளான்களைப் பறித்துவைத்துக்கொள்ளுங்கள், அவை ஸ்டாமினாவை மீட்கும். இறைச்சியும் மீனும் நாள் போகப்போக அழுகிவிடும் என்பதால் அவற்றைக் குவித்துவைப்பதில் பயனில்லை.

ரத்தப் பட்டையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அடி வாங்கும்போது பட்டையின் ஒரு பகுதிதான் மந்திரத்தால் ஆறும். மிச்சம், மருந்து சாப்பிட்டாலோ சத்திரத்தில் தூங்கினாலோதான் திரும்பும். "ஹீலர் கூடவே இருந்தும் ஹெல்த் ஏறவே மாட்டேங்குது" என்ற புகாருக்கு இதுதான் காரணம். நீண்ட பயணத்தில் மந்திரத்தால் மீட்கக்கூடிய அளவு சுருங்கிக்கொண்டே வரும், அந்தச் சுருக்கம்தான் திரும்பிப் போகச் சொல்லும் மணி. ஆகவே கிளம்பும்போது ஏழெட்டு மூலிகைகளாவது பையில் இருக்கட்டும்.

இரவு இங்கே நீல விளக்குப் போட்ட இரவு கிடையாது. லாந்தர் இல்லாவிட்டால் பத்தடி தூரத்தில் நிற்பதுகூடத் தெரியாது. பகலில் ஆடு மேய்ந்த பாதையில் ராத்திரி எலும்புக்கூடுகள் எழுந்து வரும். எண்ணெய்க் குப்பி இரண்டு மூன்று எப்போதும் கைவசம் வேண்டும், தண்ணீரில் முங்கினால் லாந்தர் அணைந்துவிடும். ஆழமான தண்ணீருக்குள் போகவே போகாதீர்கள். பிரைன் என்ற சிவப்புக் கூட்டம் ஒன்று உங்கள் துணைவர்களைச் சுருட்டிக்கொண்டுபோய்விடும். முதல் பத்து லெவல் வரை விடிந்ததும் கிளம்பி, பொழுது சாய்வதற்குள் திரும்புவது என்று வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம். ராட்சத மிருகங்களைவிட அந்தக் கட்டத்தில் ஆபத்தானவர்கள் சாலையோரக் கொள்ளைக்காரர்கள். பார்ப்பதற்குச் சாதாரண மனிதர்கள், ஆனால் மூன்றே வெட்டில் ஆளைக் கிடத்திவிடுவார்கள். கண்டால் ஓடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இனி சண்டை. பெரிய மிருகத்தின் மேல் தொற்றி ஏறலாம் என்பது இந்த கேமின் புகழ்பெற்ற அம்சம். ஏறியவுடன் கண்டபடி குத்தினால் ஸ்டாமினா தீர்ந்து கீழே விழுவீர்கள், அவ்வளவுதான். எங்கே ஏறுகிறோம் என்பதுதான் விஷயம். கைமீராவை எடுத்துக்கொள்ளுங்கள்: சிங்க உடம்பு, முதுகில் ஆட்டுத்தலை, வாலுக்குப் பதில் பாம்பு. பாம்பு விஷம் கக்கும், ஆடு மந்திரம் ஓதும், சிங்கம் பாயும். நேராகச் சிங்கத்தின் முகத்தில் வாளை வீசிக்கொண்டிருந்தால் பின்னாலிருந்து விஷமும் மேலிருந்து மந்திரமும் சேர்ந்து வரும். முதலில் பின்பக்கம் போய் வாலை வெட்டித் தள்ளுங்கள். அது துண்டாகிக் கீழே விழும், விஷம் அத்தோடு தீர்ந்தது. பிறகு முதுகில் ஏறி ஆட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு குத்துங்கள். மந்திரம் ஓதுவது நின்றுவிடும். மிஞ்சுவது சிங்கம் மட்டும், அதைத் தரையில் நின்றே சமாளிக்கலாம். கண்டபடி வெட்டியபோது ஒரு யுகமாகத் தோன்றிய சண்டை, இந்த வரிசையில் போனால் சட்டென்று முடியும்.

ஒவ்வொரு மிருகத்துக்கும் இப்படி ஒரு பூட்டு இருக்கிறது. கிரிஃபின் பறந்துகொண்டே இம்சை பண்ணும், இறக்கையில் தீப் பிடித்தால் தரைக்கு வந்துவிடும். சைக்ளோப்ஸுக்குக் கண்ணும் மின்னலும் ஆகாது. பல்லி மனிதர்களுக்கு வாலும் பனியும். கோலெம் என்ற கல் மனிதன்தான் புதியவர்களை அழவைப்பவன். மந்திரம் அவனை ஒன்றும் செய்யாது. உடம்பில் அங்கங்கே மின்னும் வட்டத் தகடுகளை ஆயுதத்தால் உடைத்தால்தான் சாவான். மூன்று மந்திரவாதிகளோடு போய் இவனிடம் மாட்டிக்கொண்டால் விடிய விடிய நின்றாலும் பட்டை அசையாது. பார்ட்டியில் ஒரு வில்லாளியாவது இருக்கட்டும் என்பது இதற்காகத்தான்.

பான்கள் என்று அழைக்கப்படும் துணைவர்கள்தான் இந்த கேமின் மிகச் சிறந்த யோசனை, அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் அதுவே. மொத்தம் மூன்று பேர் உங்களோடு வருவார்கள். ஒருவரை நீங்களே உருவாக்குகிறீர்கள். மற்ற இருவர் பிற ஆட்டக்காரர்கள் உருவாக்கியவர்கள், ரிஃப்ட் கல் என்ற மாயக் கல்லைத் தொட்டு அழைத்துவர வேண்டும். உங்கள் லெவலோ அதற்குக் கீழோ என்றால் இலவசம், மேலே என்றால் ரிஃப்ட் கிரிஸ்டல் என்ற தனி நாணயம் செலவாகும். அழைத்துவந்த இருவருக்கும் லெவல் ஏறவே ஏறாது. இது தெரியாமல் பழகிய முகம் என்று இருபது லெவல் வரை அதே ஆட்களைக் கூட்டிக்கொண்டு அலைந்து, "டீம் வேஸ்ட்" என்று திட்டுகிறவர்கள் நிறைய. நாலைந்து லெவலுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

அதேபோல உங்கள் சொந்தப் பான் ராத்திரி மற்றவர்களுடைய கேமுக்கு வேலைக்குப் போகும். நீங்கள் சத்திரத்தில் தூங்கி எழுந்ததும் கிரிஸ்டலோடும், சில சமயம் பரிசுப் பொருளோடும், அங்கே கற்றுக்கொண்ட அறிவோடும் திரும்பும். நீங்கள் இதுவரை பார்க்காத மிருகத்தின் பலவீனத்தை உங்கள் துணைவர் சொல்லிக்கொடுப்பது இப்படித்தான். இத்தனைக்கும் நீங்கள் யாரோடும் நேரடியாக ஆன்லைனில் ஆடுவதில்லை. தனியாள் கேமில் முகம் தெரியாதவர்களின் உழைப்பு இப்படி உள்ளே புகுந்து உதவுவதை இதற்கு இணையாக வேறு கேம்களில் பார்ப்பது அரிது.

பான் முட்டாள்தனமாக நடந்துகொண்டால் பார்க்க வேண்டியது இன்க்ளினேஷன் என்ற குணப் பட்டியலை. மொத்தம் ஒன்பது குணங்கள், முதல் இரண்டு இடத்தில் இருப்பவைதான் நடத்தையைத் தீர்மானிக்கும். 'கார்டியன்' மேலே வந்துவிட்டால் துணைவர் உங்கள் நிழலாக ஒட்டிக்கொண்டு நிற்பார், எதிரியைத் தொடக்கூட மாட்டார். வாள்வீரருக்கு 'ஸ்கேதர்', வில்லாளிக்கும் சூனியக்காரருக்கும் 'சேலஞ்சர்', வைத்தியம் பார்ப்பவருக்கு 'மெடிகன்ட்' என்று வைத்தால் நன்றாக வேலை செய்வார்கள். ரிஃப்ட் கடையில் விற்கும் மருந்துகளால் இதை நேரடியாக மாற்றலாம். சத்திரத்தில் உள்ள நாற்காலியில் உட்கார்ந்து பேசியும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பலாம். ஓயாத பேச்சைக் குறைக்கச் சொல்வதும் அந்த நாற்காலியில்தான், காது வலிப்பவர்கள் கவனிக்கவும்.

இன்னொன்று: வைத்தியம் பார்க்கும் மேஜுக்கு (மந்திரவாதிக்கு) ஆறு திறன்களையும் நிரப்பாதீர்கள். தாக்கும் மந்திரங்கள் இருந்தால் நீங்கள் செத்துக்கொண்டிருக்கும்போது அவர் பனிக்கட்டி வரவழைத்துக்கொண்டிருப்பார். காயம் ஆற்றும் அனோடைன், விஷம் போன்ற பாதிப்புகளை நீக்கும் ஹாலிடம், ஆயுதத்துக்குத் தீயும் புனிதமும் ஏற்றும் மந்திரங்கள் இரண்டு என நான்கோடு நிறுத்திவிட்டு மிச்சத்தைக் காலியாக விடலாம்.

வொக்கேஷன், அதாவது உங்கள் கேரக்டரின் போர்த் தொழில் பற்றி இணையத்தில் நடக்கும் சண்டைகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். எந்தத் தொழிலில் இருந்துகொண்டு லெவல் ஏறுகிறீர்களோ அதற்கேற்ற புள்ளிகள்தான் சேரும், திருப்பி எடுக்க முடியாது என்பது உண்மை. ஆனால் நல்ல ஆயுதம் கைக்கு வந்தால் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பிடித்ததை ஆடுங்கள். பத்தாவது லெவலுக்குப் பிறகு கிரான் சோரென் தலைநகரச் சத்திரத்தில் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம், ஒரு தொழிலில் கற்ற, கூடுதல் பலன் தரும் ஆக்மென்ட்கள் அடுத்ததிலும் கூடவே வரும். ஃபைட்டரில் கொஞ்ச நாள் இருந்து, சுமக்கும் வரம்பில் 10 கிலோ கூட்டும் 'சினியூ'வை வாங்கிக்கொண்டு போவது எல்லோருக்கும் உதவும்.

சேவ் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஒரே ஒரு இடம்தான், பழைய சேவுக்குத் திரும்ப வழியில்லை. செத்த பிறகு வரும் திரையில் 'கடைசி சேவ்', 'கடைசி செக்பாயின்ட்' என்று இரண்டு இருக்கும். செக்பாயின்ட் என்பது கடைசியாகச் சத்திரத்தில் தூங்கியது, அல்லது கதையில் ஒரு முக்கியக் கட்டம். அவசரத்தில் அதை அழுத்தினால் இடையில் ஆடிய மணிக்கணக்கான ஆட்டம் போயே போச்சு. முக்கியக் கதைப் பணியை ஒப்படைக்கும் முன் ஒருமுறை தூங்கிவிடுவது பாதுகாப்பு. கதை நகர்ந்தால் பல கிளைப் பணிகள் சத்தமில்லாமல் ரத்தாகிவிடும் என்பதால், அறிவிப்புப் பலகையில் எடுத்ததை முடித்துவிட்டே அடுத்த படிக்குப் போங்கள்.

கதையின் உச்சத்தில் டிராகன் உங்களுக்கு மிக நெருக்கமான ஒருவரைத் தூக்கிக்கொண்டு போகும். அந்த நெருக்கத்தை கேம் ரகசியமாகக் கணக்கெடுக்கிறது. பேசினால், பரிசு கொடுத்தால், பணி முடித்தால், கடையில் வாங்கி விற்றால்கூட ஏறும். விளைவு, காதலியை எதிர்பார்த்து மலையேறினவர்கள் அங்கே ஆயுதக் கடைக்காரர் கேக்ஸ்டன் டிராகனின் கையில் துடிப்பதைப் பார்த்துத் திகைத்த கதை இந்த கேமின் ரசிகர்களிடையே பிரசித்தம். வேண்டியவருக்கு 'அரைசன்ஸ் பாண்ட்' மோதிரத்தை முன்கூட்டியே பரிசாகக் கொடுத்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

நடைச் சலிப்புக்கு வருவோம். கணினிப் பதிப்பில் நொடியில் வேறு இடத்துக்குக் கொண்டுபோகும் 'எட்டர்னல் ஃபெர்ரிஸ்டோன்' என்ற கல் சத்திரப் பெட்டகத்தில் ஆரம்பத்திலேயே காத்திருக்கிறது. எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். பெட்டகத்தைத் திறந்தே பார்க்காமல் நாடு முழுக்க நடந்தே தீர்த்தவர்கள் உண்டு. அது போர்ட்கிரிஸ்டல் என்ற அடையாளக் கல் இருக்கும் இடத்துக்குத்தான் கொண்டுபோகும், நாட்டக்கூடிய கிரிஸ்டல்களோ கொஞ்சமாகத்தான் கிடைக்கும். தலைநகரின் அருகே நட்டு வீணாக்காமல், கோட்டைகள், எல்லைப் பகுதிகள் போன்ற தொலைவிடங்களில் நடுங்கள். போகும்போது நடந்து போய், திரும்பும்போது கல்லைப் பயன்படுத்துவது பயணத்தின் பயத்தையும் கெடுக்காது.

கசார்டிஸ் துறைமுகத்தில் ராத்திரி ஓல்ரா என்ற பெண் நின்றுகொண்டு 'டார்க் அரைசன்' சேர்த்த அந்தக் கூடுதல் தீவான பிட்டர்பிளாக்குக்குக் கூப்பிடுவாள். ஆரம்ப லெவலிலேயே கூப்பிடுவாள் என்பதுதான் வம்பு. 50-க்குக் கீழ் அந்தப் படகில் ஏறாதீர்கள். அங்கே பிணங்கள் குவிந்தால் வாடை பிடித்துப் பெரிய மிருகங்கள் வந்து சேரும். கையில் லாந்தரோடும் பெரிய அரிவாளோடும் மிதந்து வரும் 'டெத்' ஒரே வீச்சில் மொத்தப் பார்ட்டியையும் சாய்த்துவிடும். அந்த விளக்கு வெளிச்சம் கண்ணில் பட்டால் கொள்ளையடித்த பெட்டியைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் பக்கத்துக் கதவைத் திறந்து அடுத்த அறைக்குள் போய்விடுங்கள்.